ஃபீனிக்ஸ் படகும் விடுபட்ட பன்னிரண்டு பேரும்



புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்கள் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போரைச் சொல்வார்கள். அன்று கர்னல் பெய்லியின் படையில் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் போரின் போக்கே மாறியது. இந்த இதழில், தீயால் முடிந்த வேறொரு கதையை எழுதுகிறேன். இது ஒரு படகின் கதை. நடந்த இடம் தூரம்தான், பாடம் நமக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களுக்கு நடுவே சாம்ப்ளேன் என்ற நீண்ட ஏரி இருக்கிறது. 1815-ல் அதில் ஃபீனிக்ஸ் என்ற நீராவிப் படகு ஓடத் தொடங்கியது. முழுக்க மரத்தால் கட்டியது, நீளம் 146 அடி. இரு பக்கமும் பெரிய சக்கரங்கள், அவற்றில் துடுப்புப் பலகைகள். விறகு எரித்து வரும் நீராவி சக்கரத்தைச் சுற்ற, பலகைகள் தண்ணீரைத் தள்ள, படகு முன்னே போகும். நியூயார்க் பக்கம் ஒயிட்ஹாலுக்கும் கனடா பக்கம் செயின்ட் ஜான்ஸுக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்றது. நம் நாட்டில் அப்போது நீராவிப் படகே புதிது. கல்கத்தாவில் டயானா என்ற படகு தண்ணீரில் இறங்கியது 1823-ல்தான்.

1819 செப்டம்பர் 4 இரவு ஃபீனிக்ஸ், பர்லிங்டன் துறையிலிருந்து வடக்கே புறப்பட்டது. படகில் 46 பேர். வழக்கமான கேப்டன் ஜஹாசியேல் ஷெர்மன் உடல்நலமில்லாமல் இருந்ததால் அவர் மகன் ரிச்சர்ட் ஷெர்மன் பொறுப்பில் இருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். நள்ளிரவுக்குப் பிறகு சமையல் பண்டங்கள் வைக்கும் அறையில் தீ தெரிந்தது. அணைக்காமல் விட்ட மெழுகுவர்த்திதான் காரணம் என்பது அன்றைய முடிவு. போட்டிப் படகுக்காரர்களின் சதி என்று சந்தேகித்தவர்களும் உண்டு. எதுவாயினும், காய்ந்த மரமும் பலத்த காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படகில் இரண்டு சிறு தோணிகள் இருந்தன. தூங்கியவர்களை எழுப்பி இளைஞர் ஷெர்மன் அவற்றில் ஏற்றினார். முதல் தோணியில் 20 பேர், இரண்டாவதில் 14 பேர். இன்னும் சிலருக்கு இடம் இருந்தும் பயத்தில் அந்த இரண்டாவது தோணியை அவசரமாக விலக்கிவிட்டார்கள்.

வங்கியில் கணக்கு எழுதிய கை, கூட்டிப் பார்க்காமல் இருக்குமா? 20-ம் 14-ம் 34. 46-ல் 34 போனால் 12. கேப்டனோடு சேர்த்து அந்தப் பன்னிரண்டு பேரும் எரியும் படகில் விடுபட்டார்கள். கிடைத்த பலகையைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் மிதந்தார்கள். விடிந்து பர்லிங்டனிலிருந்து படகுகள் வந்து சிலரை மீட்டன. ஆறு பேர் பிழைக்கவில்லை. கேப்டன் மேசைப் பலகை ஒன்றைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். தோணியில் ஏறிய 34 பேருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆக, அந்த ஆறு உயிர்களைத் தீ மட்டும் கொண்டுபோகவில்லை. அவசரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

1820-லேயே அதே பெயரில் இரண்டாவது ஃபீனிக்ஸ் ஓடியது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது. எரிந்த முதல் படகின் அடிப்பகுதியை 1978-ல் முக்குளிப்பவர்கள் ஏரிக்குள் கண்டுபிடித்தார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட நினைவிடம். கருகிய மரத்தை முக்குளித்துப் போய்ப் பார்க்கலாம்.

நம் ஊரில் வைக்கோல் போரும் கூரை மாட்டுக்கொட்டகையும் கேஸ் சிலிண்டரும் ஒரே வீட்டில் அருகருகே இருக்கின்றன. தீயணைப்புக்கு 101, கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, தீ என்றால் முதலில் வீட்டில் எத்தனை பேர், வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். முதியவர்களும் படுக்கையில் இருப்பவர்களும் விடுபடக் கூடாது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பட்டியலைத் தயாரிக்கலாம் என்பது என் வேண்டுகோள்.