ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் மோஷன் சென்சார் ஏன் வேலை செய்வதில்லை? திருவண்ணாமலை வீடுகளுக்கு எது சரிப்படும்?

திருவண்ணாமலையில் மலையை ஒட்டிய தெருக்களில் குடியிருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லை புதிதல்ல. சன்ஷேடில் குரங்கு வந்து உட்கார்ந்தாலோ, ராத்திரியில் யாராவது காம்பவுண்டுக்குள் வந்தாலோ உள்ளே பஸ்ஸர் அடிக்க வேண்டும். ஆனால் சென்சாரை வெளியே மாட்டினால் மழை ஒரு பக்கம், வயரைப் பிடுங்கும் குரங்கு இன்னொரு பக்கம். சரி, ஜன்னலுக்கு உள்பக்கமே வைத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல்.

கண்ணாடி எதைத் தடுக்கிறது?

பலரும் முதலில் வாங்குவது ஹெச்சி-எஸ்ஆர்501 போன்ற பிஐஆர் சென்சாரைத்தான். இது எந்த அலையையும் அனுப்பாது. மனிதர், விலங்குகளின் உடல் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளிவருவதை மட்டும் கவனிக்கும். அந்தக் கதிர் சுமார் 9-10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் அதிகம். சாதாரண ஜன்னல் கண்ணாடியோ ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. நம் கண்ணுக்கு அது கண்ணாடி, சென்சாருக்குச் சுவர். சென்சாரின் வெள்ளை மூடி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் இருப்பதும் இதனால்தான்.

கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிய, 2024-ல் தொடங்கப்பட்ட ஏஐ கண்காணிப்புத் திட்டத்தில் தெர்மல் கேமராக்கள் பயன்படுகின்றன. இவ்வகை கேமராக்களின் லென்ஸ் பொதுவாகக் கண்ணாடியில் அல்ல, ஜெர்மானியத்தில் செய்யப்படுவதற்கும் காரணம் இதேதான்.

அல்ட்ராசோனிக் சென்சாரும் உதவாது. அதன் ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடும்.

அப்போ என்னதான் வழி?

* ரேடார் மாட்யூல்: ஆர்சிடபிள்யூஎல்-0516 அனுப்பும் மைக்ரோவேவ் அலை கண்ணாடியைத் தாண்டும். சுமார் 5-7 மீட்டர் வரை அசைவைப் பிடிக்கும். ஆனால் முன்னே, பின்னே என்ற பேதம் இதற்கு அதிகம் கிடையாது. அறைக்குள் நடப்பவர், சுற்றும் ஃபேன் எல்லாம் அலாரத்தைக் கிளப்பிவிடும். ஜன்னல் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அலை பலவீனமாகும்.

* எல்டி2410: இது 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். தூரத்தை 0.75 மீட்டர் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உணர்திறனைத் தனியாக மாற்றலாம். சன்ஷேடு இருக்கும் தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிய தெருவைக் கணக்கில் எடுக்காமல் விடலாம்.

* கேமரா: இஎஸ்பி32-கேம் மூலம் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கண்டுபிடிக்கலாம். லென்ஸ் கண்ணாடியை ஒட்டியே இருக்க வேண்டும். இரவில் அதன் ஃபிளாஷைப் போட்டால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையடித்துவிடும். வெளியே ஒரு லைட் எரிந்தாலே போதும்.

பௌர்ணமி அன்று என்ன ஆகும்?

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு என்றால் பௌர்ணமி இரவு முழுக்க ஜன(க்)கூட்டம்தான். தெருவைப் பார்த்து வைத்த சென்சார் விடிய விடியக் கத்தும். எரிச்சலில் அதை ஆஃப் செய்துவிட்டால், மறுநாள் ஆன் செய்ய மறந்துவிடவும் வாய்ப்புண்டு. தூரத்தைக் குறைத்து வைப்பது அதனால்தான் முக்கியம்.

கடைசியாக ஒரு சோதனை

ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒருவரை வெளியே நடக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஃபேனை ஓடவிட்டு, வெளியே ஆளில்லாமல் பாருங்கள். மழை பெய்யும்போது மறுபடி ஒருமுறை. மூன்றிலும் சரியாக வந்தால் நம்பலாம். ஜன்னல் திறந்திருந்தபோது மட்டும் சோதித்துவிட்டு, 'சென்சார் இருக்கிறதே' என்று நிம்மதியாகத் தூங்குவதுதான் ஆபத்து.