வராதவர்களின் பட்டியல்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வகுப்பில் நான் வருகைப் பதிவேடு எடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் வந்தவனைவிட வராதவன்தான் முக்கியம். மூன்று நாள் ஒருவன் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம் விசாரிப்பேன். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தேவைப்படுவது இதேதான். காய்ச்சல்காரர் தானே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார். சர்க்கரைக்கு வலி கிடையாது. மாத்திரை தீர்ந்ததும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று வீட்டில் இருந்துவிடுவார்.

நம் பக்கத்தில் இந்த விவரமெல்லாம் நெடுங்காலம் நோயாளியின் கையிலிருந்த நோட்டில்தான் இருந்தது. என் அண்ணனின் நோட்டு 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஓடு பறந்து, மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. அடுத்துப் பார்த்த டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். அண்ணனுக்கு மாத்திரையின் நிறம் மட்டும்தான் தெரிந்தது. நோட்டு பிழைத்திருந்தாலும், அவர் ஆறு மாதம் போகாமல் இருந்தால் அது யாரிடம் போய்ச் சொல்லியிருக்கும்?

வராதவரைத் தேடிப் போகும் வழக்கம் கணினிக்கு முந்தியது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-இல் வெளிவந்த அந்த முடிவை உலகமே கவனித்தது. மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எல்லாம் காகிதமும் கால்நடையும்தான்.

சர்க்கரைக்கு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் நமக்கு வடக்கே, மரக்காணம் தாண்டி இருக்கும் சூணாம்பேடு. 2006-இல் டாக்டர் வி. மோகனின் குழு 42 கிராமங்களில் வேலையைத் தொடங்கியது. பெரியவர்களில் 23,449 பேரைச் சோதித்தார்கள். ஒரு வேனில் கண் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா இருந்தது. இஸ்ரோ தந்த செயற்கைக்கோள் இணைப்பு வழியாகப் படம் சென்னைக்குப் போகும், அங்கே நிபுணர் பார்த்துச் சொல்வார். சர்க்கரை கண்ணைக் கெடுப்பது ஆரம்பத்தில் நமக்குத் தெரியாது. மங்கலாகத் தெரிகிறதே என்று நாமாகப் போகும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடும். நாற்று நடப்போகும் ஒரு பெண், ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறிச் சென்னை போய்க் கண்ணைக் காட்டுவாளா? வேன் ஊருக்குள் வந்ததால் காட்டினாள். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது செயற்கைக்கோள்கூட இல்லை, அந்த வேன்தான்.

பிறகு 2017-இல் தொடங்கிய தேசிய ரத்தக்கொதிப்புத் திட்டத்தில், பஞ்சாப் போன்ற மாநிலங்களின் சுகாதார நிலையங்களுக்கு 'சிம்பிள்' என்ற செயலி வந்தது. நர்ஸ் அட்டையை ஸ்கேன் செய்து அளவைப் பதிவார். தேதி தவறியவர்களின் பட்டியலை அது தானே எடுத்துத் தரும், அங்கிருந்தே போன் போடலாம். நம் வருகைப் பதிவேடுதான், கொஞ்சம் புத்திசாலி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். 2024-இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வரும் பெண் நோட்டிலும் எழுதுகிறார், போனிலும் ஏற்றுகிறார். இரட்டை வேலை, சொற்ப ஊக்கத்தொகை. பாராட்டு முழுவதும் செயலிக்கே போவதில் எனக்குச் சம்மதமில்லை.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை என்கிறது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம். அதாவது நாலில் ஒருவருக்கு மேல்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அப்பா அம்மாவின் பதிவில் இருப்பது எந்த போன் எண் என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஊரில் இருந்தபோது கொடுத்த பழைய எண்ணாக இருந்தால், அடுத்த முறை அந்தப் பெண் வரும்போது மாற்றச் சொல்லுங்கள்.