ஒளியும் செப்பும்: மின்சுற்றுப் பலகையின் வரலாறு தரும் ஒரு பாடம்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் பெயர் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைக் கையாண்டோரின் கண்ணுக்கும் தோலுக்கும் நேர்ந்தது அதில் இடம்பெறுவது அரிது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில், வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்ய முயலும் மாணவர் எவரும் எதிர்கொள்ளும் வினா, எந்த விளக்கைத் தெரிவது என்பதாகும். இவ்வினாவை நாம் வரலாற்று நோக்கில் அணுக முற்படுகின்றோம்.

1801இல் யேர்மனியரான றிட்டர், ஊதாவுக்கு அப்பாலுள்ள கட்புலனாகாக் கதிர் வெள்ளிக் குளோரைட்டை விரைந்து கறுக்கச் செய்வதைக் கண்டார். 1820களில் பிரான்சிய அறிஞர் நியெப்ஸ் உலோகத் தகட்டில் நிலக்கீலைப் பூசினார். ஒளிபட்ட பகுதி இறுகியது, படாத பகுதி எண்ணெயிற் கரைந்தது, வெளிப்பட்ட உலோகத்தை அமிலம் அரித்தது. இன்றைய பலகைத் தொழிலின் அடிப்படை இதுவேயாகும். 1839இல் ஸ்கொத்லாந்தின் பொன்ரன் பொற்றாசியம் இருகுரோமேற்றின் ஒளியுணர்வை வெளியிட்டார். இவர்கள் அனைவருக்கும் விளக்காயிருந்தது ஞாயிறே. நாசிசம் வளர்ந்த காலத்தில், 1936இல், வியன்னாவிலிருந்து இலண்டனுக்குப் பெயர்ந்த யூதப் பொறியியலாளர் போல் ஐஸ்லர், அச்சுத் தொழிலின் இம்மரபையே மின்சுற்றுக்குரியதாக்கினார்.

இரச ஆவி விளக்குகளின் வருகையோடு ஒரு மயக்கம் தோன்றியது: அலைநீளம் குறையக் குறையப் பயன் கூடும் என்பதே அது. உண்மை வேறு. வீட்டுப் பலகைகளின் பூச்சுக்கள் ஏறத்தாழ 350 முதல் 410 நனோமீற்றர் வரையான ஒளிக்கே நன்கு இசைவன. கிருமி கொல்லும் விளக்கின் 254 நனோமீற்றர் கதிரோ, படத்தை அழுத்தும் கண்ணாடியாலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே அது பலகையை அடையாது. பார்ப்போரின் கண்ணையே சுடும். வலி சில மணி நேரம் கழித்தே தெரியவரும். 2020இன் பெருந்தொற்றில் இவ்விளக்குகள் வீடுகளிலும் புகுந்தபோது, கைகளையோ தோலையோ தூய்மையாக்க இவற்றைப் பயன்படுத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. தெருவிளக்கின் வெளிக்குமிழை உடைத்து உட்குழாயை எரிப்பதும் இவ்வாறே தீங்கானது.

எனவே 395 முதல் 405 நனோமீற்றர் வரையான ஒளிகாலும் இருவாயிகளே தெரியத்தக்கவை. அவற்றின் ஊதா ஒளி கண்ணுக்குப் புலப்படுவதால் விளக்கு எரிவதை அறியலாம். ஆயினும் அதனை உற்றுநோக்கலாகாது. மூடிய பெட்டியும், மூடியைத் திறந்தவுடன் அணையும் ஆளியும் இன்றியமையாதன. ஏழாம் பாகை அகலக்கோட்டின் அண்மையிலுள்ள கல்முனையில் வெயிலும் போதுமான விளக்கே. வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் மட்டும் அதன் அளவு நிலைப்பதில்லை.

1996இல் ஒலுவிலிற் பல்கலைக்கழகம் எழுந்தமை இப்பிரதேசத்தின் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம். எனினும், பாதுகாப்பு அறிவு ஆய்வுகூடச் சுவர்களுக்குள்ளே அடங்கிவிடுமாயின் அது சிலரின் உடைமையாகவே எஞ்சும். வீட்டு மேசையில் செப்புத் தகட்டோடு அமர்ந்திருக்கும் மாணவருக்கு அது தாய்மொழியிற் சென்றடைதல் வேண்டும். கண்ணை இழந்து கற்கும் கலை எதுவும் சமூகத்தின் முன்னேற்றமாகாது.