எத்தனை கைகள் உயர வேண்டும்?



1980 ஜூனில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலக் கீழவையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பாலினத்தின் பேரால் எவருக்கும் சம உரிமையை மறுக்கக் கூடாது என்னும் அரசமைப்புத் திருத்தத்திற்கு ஒப்புதல் கேட்கப்பட்டது. ஆதரவு 102, எதிர்ப்பு 71. தீர்மானம் தோற்றது.

102 எப்படி 71இடம் தோற்கும்? நம் தோழரின் நினைவாக இன்று இந்தக் கேள்வியைப் பேச விரும்புகிறோம். வாசலில் வைத்து உரிமையை மறுப்பவர்களை நாம் அறிவோம். விதிமுறைக்குள் ஒளிந்துகொண்டு மறுப்பவர்களை அவ்வளவாக அறியோம்.

அமெரிக்க அரசமைப்பின் 5ஆம் பிரிவின்படி, ஒரு திருத்தத்தை நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்க வேண்டும். இன்றைய 50 மாநிலங்களில் அது 38. ஆனால் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குள் எத்தனை பேர் ஆதரித்தால் அது ஒப்புதல் ஆகும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் வரலாறு பலமுறை திரும்பியிருக்கிறது.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும் தந்த 14ஆம் திருத்தம் 1866இல் டென்னசி மாநிலத்துக்கு வந்தது. எதிர்த்தவர்கள் வாக்களித்துத் தோற்கடிக்கவில்லை. கோரம் சேராதபடி அவைக்கு வராமல் இருந்தார்கள். இரண்டு உறுப்பினர்களைக் கைது செய்து கொண்டுவந்து கணக்கில் சேர்த்த பிறகே ஒப்புதல் நிறைவேறியது. நம் அரசமைப்பின் 14ஆம் பிரிவில் உள்ள 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' அந்தத் திருத்தத்தின் வழிவந்த சொல்தான்.

1920இல் பெண்களின் வாக்குரிமையும் அதே டென்னசியில் வந்து நின்றது. ஒத்திவைக்கும் தீர்மானத்தில் 48க்கு 48 என்று அவை சரிபாதியாகப் பிரிந்தது. பிறகு ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் ஆதரவுப் பக்கம் வந்தார். திருத்தம் வென்றது. அங்கே ஐந்தில் மூன்று பங்கு வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் அன்றைக்கு அது வென்றிருக்காது.

அந்த விதிதான் இல்லினாய்ஸில் இருந்தது. 1970ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு அதை எழுதிவைத்தது. கீழவையின் 177 இடங்களில் 107 வாக்குகள் தேவை. வாக்களித்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு. வராதவரும் வாய் திறக்காதவரும் எதிர்ப்பாகவே எண்ணப்பட்டார்கள். ஊரில் வன்கொடுமை நடக்கும்போது நடுநிலை பேசுகிறவர் யார் பக்கம் நிற்கிறார் என்று நமக்குத் தெரியும். இங்கே விதியே அவரை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டது.

வழக்கு நீதிமன்றம் போனது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஸ்டீவன்ஸ் 1975இல் தீர்ப்பை எழுதினார்: மாநில அரசமைப்பு இந்த அளவைக் கட்டாயமாக்க முடியாது, ஆனால் சட்டமன்றம் தானே அதை வகுத்துக்கொள்ளலாம். அதாவது, மாற்றவே முடியாத கட்டளை அல்ல அது. அவை விரும்பி வைத்துக்கொண்ட பூட்டு. 1982இல் பெண்கள் அங்கே வாரக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தும் பூட்டு திறக்கவில்லை. அந்த ஜூன் 30இல் கெடு முடிந்தபோது ஒப்புதல் தந்த மாநிலங்கள் 35.

2018இல் இல்லினாய்ஸ் ஒப்புதல் தந்தது. 118 பேர் அவையில் தேவை 71, கிடைத்தது 72. 2020இல் வர்ஜீனியா 38ஆவதாக வந்தது. ஆனால் கெடு கடந்துவிட்டதென்ற வாதத்தில் திருத்தம் இன்னும் வெளியே நிற்கிறது.

நம் நாட்டில் 368ஆம் பிரிவின்படி சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். சட்டமன்றத்தில் வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் தனித்தொகுதிகளை 2030 வரை நீட்டித்த 104ஆம் திருத்தமும் மாநிலங்களுக்குப் போய்த்தான் வந்தது.

2030 தொலைவில் இல்லை. சமத்துவத்தை எதிர்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கூட எண்ணிக்கை விதியை எழுதக் கூச்சப்படுவதில்லை. தீர்மானத்தின் வாசகத்தைப் படிப்பதோடு நிற்காமல், எத்தனை கைகள் உயர வேண்டும், அந்த எண்ணை யார் வகுத்தார்கள் என்றும் கேட்போம். தோழரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடியது அது.