அடுப்படிக்குள் ஒரு வெடிபொருள் சட்டம்

எங்கள் பக்கத்தில் 'நாக்பூர் லைசென்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. ஆமத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் அது காதில் விழும். ஒரு பட்டாசு ஆலை எவ்வளவு பெரியது என்று கேட்டால் ஏக்கர் கணக்கோ ஆள் கணக்கோ சொல்ல மாட்டார்கள். "அது நாக்பூர் லைசென்ஸுப்பா" என்பார்கள். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே கிடக்கிற எங்கள் கரிசல் ஊர்ப் பேச்சில், எங்கோ இருக்கிற மகாராஷ்டிர நகரம் ஒன்று இப்படிக் கலந்துவிட்டது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின், அதாவது 'பெசோ'வின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது.

டீக்கடையில் யாரும் பேசாத இன்னொரு விஷயம் உண்டு. நம் வீட்டு அடுப்படியில் நிற்கிற கேஸ் சிலிண்டரும் அதே நாக்பூரின் கையில்தான் இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து வெடிபொருள் சட்டம் 1884ஆம் ஆண்டுடையது. வேறு ஆபத்தான பொருள்களையும் வெடிபொருள் என்று அறிவிக்க அதன் 17ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1938இல் அந்தப் பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு வந்தது. உலோகக் கலனில் அழுத்தி அடைத்த வாயுவும் இனி வெடிபொருளாகவே கருதப்படும் என்றது அது. 1940இல் வாயு சிலிண்டர் விதிகள் வந்தன. 1981, 2004, 2016 என்று அவை மூன்று முறை புதிதாக எழுதப்பட்டன. ஆக, சட்டத்தின் கண்ணில் சரவெடியும் சமையல் கேஸும் பங்காளிகள்.

ஆனால் ஆலைக்குள் ஒரு பங்காளியை நடத்துகிற விதமும் அடுப்படிக்குள் இன்னொரு பங்காளியை நடத்துகிற விதமும் ஒன்றா?

முதலில் ஆலையைப் பார்ப்போம். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபின் மழை பொய்த்த இந்த மண்ணில் தீப்பெட்டி வந்தது, பின்னாடியே பட்டாசும் வந்தது. தொழிலோடு சாவும் வந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் விதிகள் கூடின, இறுகின. மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தை இறக்க வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும். விதி மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி காட்டியது. ஏறத்தாழ 40 பேர் போனார்கள். ஆனாலும் அங்கே ஒரு விதியாவது இருக்கிறது. அதை மீறினால் கேட்க ஒரு பெயர்ப்பலகையாவது இருக்கிறது.

இப்போது அடுப்படி. இந்தியாவில் சமையல் கேஸ் 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் மூலம் வந்தது. இந்தியன் ஆயில் தன் முதல் இண்டேன் இணைப்பை 1965 அக்டோபர் 22 அன்று கொடுத்தது. எங்கே தெரியுமா? அதே கல்கத்தாவில். நமக்குத் தீக்குச்சி சொல்லிக்கொடுத்த ஊர்தான் கேஸ் அடுப்புக்கும் ஒரு தொடக்கம்.

எங்கள் தெருவுக்கு அது வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. சீமைக்கருவேல விறகும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான் எங்கள் சமையல். 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே 1 அன்று மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. புகையில் இருமிய பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அடுப்பு வந்த வேகத்தில் அதைச் சோதிக்கிற பழக்கம் வரவில்லை.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை என்று விதி இருக்கிறது. ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து டியூப், ரெகுலேட்டர், அடுப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் சித்தி வீட்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு பையன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே தாளை நீட்டினான். சித்தி இருபது வருஷமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவள். தாளை வாங்கவில்லை.

"தம்பி, அடுப்படி அங்கிட்டு இருக்கு. கையெழுத்த இங்கிட்டு கேக்குறீங்க."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். டியூபின் மேல் அச்சடித்த தேதியைப் பார்த்தான். ஐந்து வருஷம் தாண்டி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அடுப்புக்குப் பின்னால் சூட்டில் டியூப் விறைத்துப்போயிருந்தது. "மாத்திருங்கக்கா" என்றான். அதற்குப் பிறகுதான் சித்தி கையெழுத்துப் போட்டாள். அன்று அவன் சோதித்த தெருவில் எத்தனை வீட்டு வாசலோடு சோதனை முடிந்ததோ என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

சரி, யாரும் வராத நாளில் அடுப்படியை யார் சோதிப்பது? மூக்குதான். அந்த மூக்குக்குப் பின்னால் ஒரு பெரிய சாவு இருக்கிறது.

கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. நமக்குத் தெரிகிற அந்த அழுகல் வாடை, எத்தில் மெர்காப்டன் என்கிற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். சுற்றிலும் எண்ணெய்க் கிணறுகள். பணம் புரண்ட பள்ளிக்கூடம். குளிருக்கு வகுப்பறைகளைச் சூடாக்க ஒவ்வோர் அறையிலும் கேஸில் ஓடும் ரேடியேட்டர் வைத்திருந்தார்கள். மாதச் செலவை மிச்சம் பிடிக்க, 1937 தொடக்கத்தில், எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயில் பள்ளியின் குழாயை இணைத்துக்கொண்டார்கள். வாடையே இல்லாத வாயு. அது எங்கோ கசிந்து தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்தது. பிள்ளைகள் தலைவலி என்றார்கள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. மார்ச் 18 பிற்பகல், பட்டறை வகுப்பில் மரம் தேய்க்கும் மின் எந்திரத்தின் சுவிட்சைப் போட்டார்கள். ஒரு பொறி. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் வாயுவில் வாடை கலப்பதைக் கட்டாயமாக்கியது. அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியது.

எங்கள் மாவட்டத்தைக் கந்தக பூமி என்பார்கள். அந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பதிலாக உலகம் கண்டுகொண்ட காவலும் கந்தக வாடைதான் என்பதை நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

காற்றில் சமையல் கேஸ் நூற்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்தால் தீப்பற்றும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே மூக்குக்குத் தெரியும்படி வாடை சேர்க்கிறார்கள். ஆனால் இந்தக் காவலாளிக்கும் பலவீனம் உண்டு. ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். சளி பிடித்தால் தெரியாது. வயதாக ஆக மங்கும். அதுவும் காற்றைவிடக் கனமான வாயு இது, தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். நின்று சமைக்கிறவரின் மூக்குக்கு எட்டுவதற்குள் காலடியில் குளம் கட்டியிருக்கலாம். அதனால்தான் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள்ளோ தரைமட்டத்துக்குக் கீழேயோ வைக்கக் கூடாது என்கிறார்கள்.

இன்னொரு எதிரிக்கு எந்த வாடையும் கலக்க முடியாது. கார்பன் மோனாக்சைடு. எங்கள் ஊரில் வீட்டைச் சூடாக்கும் வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரிலும், ஊட்டிக் குளிருக்கு மூடிய அறைக்குள் வைத்த கரியடுப்பிலும் ஆட்கள் தூக்கத்திலேயே போயிருக்கிறார்கள். கேஸ் அடுப்பில் நீலச் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால், பர்னர் அடைத்திருக்கிறது, வாயு முழுதாக எரியவில்லை என்று பொருள். நிறம்தான் அங்கே எச்சரிக்கை.

சித்தி இப்போது மாதம் ஒருமுறை தானே சோதிக்கிறாள். வாளித் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, ரெகுலேட்டர் மூட்டிலும் டியூப் நெடுகவும் நுரையைத் தடவுவாள். குமிழ் வந்தால் கசிவு. தெருவில் சிலர் தீக்குச்சி கொளுத்திக் காட்டிக் கசிவு பார்ப்பதைக் கேள்விப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும். "மருந்து ரூமுக்குள்ள இப்படிப் பண்ணுவியா?" என்று ஒரே கேள்விதான் கேட்பாள். பதில் வராது.

அந்தக் கேள்விதான் நூற்றாண்டு வரலாற்றின் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலையில் எங்கள் சனத்துக்கு இருக்கிற பயமும் ஒழுங்கும் அடுப்படி வாசலில் செருப்போடு கழன்றுவிடுகின்றன. ஆலையில் உயிர் போனால் அது விபத்து, வழக்கு, செய்தி. அடுப்படியில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடல் கருகினால் அது 'கவனக்குறைவு' என்று நான்கு வரியில் முடியும். வாசலோடு திரும்பிய சோதனைத் தாளைப் பற்றி அந்த நான்கு வரியில் ஒன்றும் இருக்காது. 1938இலேயே சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டது. நாம்தான் இன்னும் பார்க்கவில்லை.

சிலிண்டரின் தலைப்பக்கம் பிடியை ஒட்டிய தகட்டில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். எழுத்து காலாண்டு, எண் ஆண்டு. அடுத்த அழுத்தச் சோதனைக்கு அதுதான் கெடு. கெடு தாண்டியிருந்தால் டெலிவரிக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906க்கு அழையுங்கள். சோதனைக்கு யாராவது தாளோடு வந்தால் முதலில் அடுப்படிக்குக் கூட்டிப்போங்கள். கையெழுத்து அப்புறம்.