நோய் நீங்கியபின் உணவு: இட்சிங் தரும் சான்று

கி.பி. 671-இல் சீன நாட்டுக் குவாங்சௌத் துறைமுகத்தினின்று கலமேறிய பௌத்தத் துறவி இட்சிங், ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்று, பின்னர் நம் கடாரத்தின் வழியாக இந்தியா சென்றார். நாலந்தாவில் அவர் கற்ற கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர். மருத்துவம் பற்றி அவர் எழுதியுள்ளதைப் படிப்போர் சிலரே. ஸ்ரீவிஜயத்திலிருந்து 692-இல் சீனத்திற்கு அவர் அனுப்பிய நூலை, ஜப்பானிய அறிஞர் தககுசு 1896-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அதில் ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களும் கூறப்பட்டுள்ளன. தாமும் அக்கலையைப் பயின்று, துறவிக்குரிய தொழிலன்று எனப் பின்னர் விட்டதாகவும் அவர் சொல்கின்றார்.

நோய் கண்டவுடன் உணவை நிறுத்துவதே அங்கு முதல் மருந்து. பட்டினி முடிந்தபின் நோயாளி அலையாமல் அமைதியாய்ப் படுத்திருத்தல் வேண்டும். புதிதாய் வடித்த சோறும், நன்கு வெந்த பயற்றுநீரும் சூடாகக் கொள்ளல் வேண்டும். குளிர் தோன்றின் அந்நீரில் மிளகோ இஞ்சியோ திப்பிலியோ சேர்ப்பர். இதைப் படிக்கையில் நம் பாட்டிமார் வைக்கும் மிளகு ரசம் நினைவிற்கு வாராதிருக்குமோ!

இம்முறையின் காரணத்தைச் சரக சம்ஹிதையிற் காணலாம். வாந்தி மருந்தாலும் பேதி மருந்தாலும் உடலைச் சுத்தி செய்தபின் பசித்தீ மங்கிக் கிடக்கும். சிறு நெருப்பைப் புல்லும் வறட்டியும் இட்டுச் சிறுகச் சிறுக மூட்டுவதுபோல அதனை வளர்க்க வேண்டும் என்பது அந்நூலின் உவமை. ஆகவே முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்துக் குழைந்த கஞ்சி, பின்னர் உப்பும் நெய்யும் இல்லாத பயற்றுச்சாறு, அதன்பின் அவை சேர்ந்த சாறு, இறுதியிலேயே இறைச்சிச்சாறு. காய்ச்சல் விட்டவன் வலிமை பெறும்வரை உடற்பயிற்சி, நீராடல், நெடுநடை ஆகியவற்றை விலக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது.

பலரும் அறிந்த சியவனப்பிராச லேகியமும் சரகர் நூலில் உள்ளதே. ஆயினும் உடல் தூய்மையுற்ற பின்னரே அத்தகைய இரசாயனங்களை உண்ண வேண்டும் என்பது விதி. அழுக்குத் துணியிற் சாயம் பற்றாதாம். நம்மிடையிலோ காய்ச்சல் இறங்கிய அன்றே, மெலிந்துவிட்டானே என்று லேகியத்தையும் கோழிக்குழம்பையும் ஊட்டுகின்றோம். அன்பின் மிகுதி அது, ஆயுர்வேதம் அன்று.

பட்டினியின் அளவிலும் இட்சிங் நுட்பமான வேறுபாடு காட்டுகின்றார். மேற்கிந்தியாவின் லாட நாட்டில் அரைத்திங்கள் முதல் ஒரு திங்கள்வரை உண்ணாதிருப்பர். (இக்காலத்தில் மருத்துவர் எவரும் இதற்கு இசையார்.) மத்திய இந்தியாவில் மிகுதியாகப் போனால் ஒரு வாரம், தென்கடல் தீவுகளிலோ இரண்டு மூன்று நாளே எல்லை. நாடும் வழக்கமும் உடற்கூறும் வேறுபடுதலே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. பிற செய்திகள் அவர் இந்தியாவிற் கற்றவை. தென்கடலைப் பற்றிய இச்செய்தியையோ, அவர் பல்லாண்டு இப்பகுதியில் வாழ்ந்து கண்டே எழுதினார் எனக் கொள்ளலாம்.