சந்துப் பூனைகளின் சொந்தப் பாட்டு

ஆடி மாதம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போயிருக்கிறீர்களா? பகலில் அம்மனுக்குக் கூழ். ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. 1982-ல் ‘சகலகலா வல்லவன்’ வந்த பிறகு, ‘இளமை இதோ இதோ’ பாடாமல் எந்தக் குழுவும் மேடையை விட்டு இறங்க முடியாது. டிஸ்கோ நம்ம ஊருக்கு வந்ததே சினிமா டிக்கெட் எடுத்துத்தான்! பகலெல்லாம் லேத் பட்டறையில் நின்றுவிட்டு ராத்திரி கிடார் பிடிக்கிறவர் உயிரைக் கொடுத்து வாசிப்பார். ஆனால் கைதட்டல் இளையராஜாவுக்கும் எஸ்.பி.பி.க்கும். சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுப் பாடினால்? ‘யோவ், ரஜினி பாட்டு போடுய்யா!’

சொந்தப் பாட்டோடு கொடிகட்டிப் பறந்த தமிழர்களும் உண்டு. என்ன, அதற்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. மலேசியாவின் பினாங்கில் 60-களின் கடைசியில் முளைத்தது ‘ஆலிகேட்ஸ்’. சந்துப் பூனைகள் என்று அர்த்தம். டேவிட் ஆறுமுகம், தம்பி லோகநாதன் ஆறுமுகம் இருவரும்தான் குழுவின் குரல். தேன்கூடு மாதிரி புஸ்ஸென்று தலைமுடி. ஹாங்காங் இரவு விடுதிகளில் ஆங்கில ஹிட் பாடல்களைப் பாடிப் பிழைத்தார்கள். அதுவரைக்கும் அவர்களும் நம்ம ஆடி மாதக் குழுவும் ஒண்ணுதான். அடுத்தவன் பாட்டு!

70-களின் கடைசியில் ஊர் திரும்பி, மலாய் மொழியில் பாட ஆரம்பித்ததும் விஷயமே மாறிவிட்டது. எம். நாசிர் மெட்டுகள் கொடுத்தார். ஃபங்க், டிஸ்கோ துள்ளலும் கொஞ்சம் சோகமும் கலந்த அந்தப் பாட்டுகளை மலாய்க்காரர் வீடுகளே தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டன. ஆறுமுகம் என்ற பெயரைப் பார்த்து யாரும் தள்ளி வைக்கவில்லை. தமிழில் பாடியிருந்தால் இந்த உயரம் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். அங்கேயும் நம்மாள் கேட்பது சினிமாப் பாட்டு!

80-களின் பிற்பகுதியில் காற்று திசை மாறியது. நீள முடி ராக் குழுக்கள் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போயின. வேடிக்கை என்னவென்றால், ‘சர்ச்’ என்ற ராக் குழுவைத் தூக்கிவிட்டதில் அதே எம். நாசிருக்கும் பங்கு உண்டு. பூனைகள் மெல்ல மெல்ல ‘அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்கள்’ ஆனார்கள்.

அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு ஒன்றின் தலைப்புக்குத் தமிழில், ‘நான் முதலில் போய்விட்டால்’ என்று அர்த்தம். 2007 ஜூன் 4-ம் தேதி, நுரையீரல் புற்றுநோயில் தம்பி லோகநாதன் முதலில் போனார். அண்ணன் குழுவைக் கலைக்கவில்லை.